மிதிவண்டிக்கு ஒரு தடம்

ஒரு நாட்டின் சாலைகளை அந்நாட்டின் வரலாற்று ஏடுகள் எனலாம். எந்தப் பொருளுக்கு முதலில் வழி அமைக்கப்பட்டது, எந்த மனிதருக்கு இறுதிவரை அமைக்கப்படவில்லை என்பதை அவை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். பேராக் மாநிலத்தின் தெற்கு எல்லையில், பெர்ணம் ஆற்றையொட்டி அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இப்பகுதியில் வழிகள் சரக்கின் பொருட்டே பிறந்தன. 1893ஆம் ஆண்டில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகம்வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கிந்தாவின் ஈயம் கடலை அடைவதற்கு ஏற்பட்ட வழி அது. 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பொறியாளரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ், ஹுத்தான் மெலிந்தாங்கை அடுத்து ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அங்குச் செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்லச் சிறு தண்டவாளங்கள் இடப்பட்டன. விளைந்த பொருளுக்குத் தனிவழி கிடைத்தது. அதனை விளைவித்த பாட்டாளிக்கோ சாலையின் ஓரமே வழியாயிற்று.

அந்த ஓரத்தில் அவர்களைச் சுமந்து சென்றது மிதிவண்டி. விடியுமுன் பெரட்டுக்கு விரைவதற்கும், சம்பள நாளில் கடைத்தெருவுக்குச் சென்று அரிசி மூட்டையோடு லயத்துக்குத் திரும்புவதற்கும், பின்னிருக்கையில் பிள்ளையை அமர்த்தித் தமிழ்ப்பள்ளியில் கொண்டு சேர்ப்பதற்கும் அதுவே துணை நின்றது. நிலமும் வீடும் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளி, தன்னுடையது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய மிகச் சில பொருள்களுள் மிதிவண்டியும் ஒன்று.

அதன் ஆற்றலைப் போர் உலகறியச் செய்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த சப்பானியப் படையினர், ஆங்கிலேயர் சரக்குக்காகச் செப்பனிட்டு வைத்திருந்த சாலைகளிலேயே மிதிவண்டியில் முன்னேறினர். கம்பாரில் கடும்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில், அவர்களுடைய மற்றொரு பிரிவினர் கடல்வழியே வந்து ஹுத்தான் மெலிந்தாங் பகுதியிலும் தெலுக் ஆன்சனிலும் இறங்கினர். பக்கவாட்டில் தோன்றிய அந்த அச்சுறுத்தலே கம்பார் அரணைக் கைவிடச் செய்தது. படையெடுத்தவன் கண்டுகொண்ட மிதிவண்டியின் பயனை, நாட்டை ஆண்டவர்கள் தங்கள் சாலைத் திட்டங்களில் கண்டுகொள்ளவில்லை.

விடுதலைக்குப் பின் ஒரு நல்ல தொடக்கம் வாய்த்தது. 1970களின் முற்பகுதியில், உலக வங்கித் திட்டமொன்றின்கீழ், கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. நாளடைவில் அது மோட்டார் சைக்கிள் தடமாகவே அறியப்பட்டது. எனினும் அது கற்பித்த பாடம் பெரிது. பின்னர் அத்தடம் நீட்டிக்கப்பட்டபோது, அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தன என்று 1990களில் நடந்த ஆய்வு காட்டியது. பிரித்துக் கொடுத்த வழி உயிரைக் காக்கும் என்பதற்கு நாம் அயல்நாட்டைத் தேடிப் போகவேண்டுவதில்லை.

1986ஆம் ஆண்டில் பொதுப்பணித் துறை, மிதிவண்டித் தடம் அமைப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்ப வழிகாட்டியை வெளியிட்டது. ஆகவே, தடத்தை எவ்வாறு அமைப்பது என்பதை அரசு அறியாதிருந்தது என்று கூறவியலாது. ஆனால், வழிகாட்டி வேறு, கட்டளை வேறு. தடம் போடுவது எப்படி என்று வழிகாட்டி சொல்லும். போட்டே தீரவேண்டும் என்று கட்டளைதான் சொல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலேதான் ஏழையின் மிதிவண்டி விழுந்து கிடக்கிறது.

2019ஆம் ஆண்டில், மேற்குக் கரை அதிவிரைவுச் சாலையின் ஹுத்தான் மெலிந்தாங் – தெலுக் இந்தான் பகுதி திறக்கப்பட்டது. நெடுந்தொலைவு செல்வோருக்கு அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதிவிரைவுச் சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. விரைவைக் கருதும்போது அத்தடை முறையானதே. அவ்வாறாயின், ஊர்களை இணைக்கும் பழைய சாலையில் மிதிவண்டிக்கு ஈடாக ஒரு தடம் தருவதும் அதே திட்டத்தின் கடமையாக வேண்டுமன்றோ? ஒரு வாசலை அடைப்பவர் மற்றொரு வாசலைத் திறந்துவிடுவதே நெறி.

அந்நெறி தானாக வந்துவிடுவதன்று. 1971ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு மிதிவண்டித் தடங்களுக்குப் பொருள் ஒதுக்கத் தொடங்கியது. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர்ப்புறப் பெண்களை மிதிவண்டி ஓட்டக் கற்கச் செய்தபோது, எழுத்தறிவோடு தன்மதிப்பும் சேர்ந்து வளர்ந்தது. மிதிவண்டி என்பது இரும்பும் ரப்பரும் மட்டுமன்று. பிறர் கையை எதிர்பாராமல் பள்ளிக்கும் பணிக்கும் செல்லும் உரிமையும் ஆகும் என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

இவ்விடத்து ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம், வட்டாரத் திட்ட வரைவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும், அவர்களின் மறுப்புகளைக் கேட்கவும் வகை செய்கிறது. பள்ளிக்கு மிதிவண்டியில் வருவோர் எத்தனை பேர், எந்த வளைவில் லாரிக்கு அஞ்சி அவர்கள் புல்தரையில் இறங்குகின்றனர் என்பவற்றை மாணவர்களே கணக்கெடுத்து எழுதலாம். வரைவு பார்வைக்கு வரும் நாளில் ஆசிரியர்கள் அக்கணக்கை முன்வைக்கலாம். எண்ணப்படாதவர்க்குத் திட்டத்தில் இடம் கிடைப்பதில்லை. ஈயத்துக்கும் செம்பனைக்கும் வழி அமைத்த இம்மண், தன் பிள்ளைகளுக்கும் ஒரு தடம் அமைத்துத் தருமாக!