கணினிக் காவலரும் கைப்பயிற்சியும்

வங்கியின் கணக்கு, வைத்தியசாலையின் நோயாளர் பதிவேடு, மாணவரின் பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் இன்று கணினிகளிலேயே தங்கியுள்ளன. அக்கணினிகளை இயக்கிப் பேணுபவர் முறைமை நிருவாகி எனப்படுவார். கணக்குகளைத் திறப்பதும், கோவைகளுக்குப் பிரதி எடுப்பதும், பழுது நேர்ந்தாற் சீர்செய்வதுமே தொடக்கத்தில் அவர் கடமைகளாய் இருந்தன. அவர் ஒரு காவலராகவும் விளங்க வேண்டும் என்பது பிற்பட்டே உணரப்பட்டது. அக்காவற்றொழிலை அவர் எவ்வாறு கற்றார்? நூலிலிருந்து கற்றதைக் காட்டிலும், கள்வன் வந்த இரவுகளிலிருந்து கற்றதே மிகுதி எனலாம்.

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கலிபோர்ணியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்ளி ஆய்வுகூடத்தின் கணினிக் கட்டணக் கணக்கில் 75 சதம் ஒவ்வாமற் போயிற்று. வானியலாளராக இருந்து கணினி நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த கிளிபர்ட் ஸ்டோல் என்பார் அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கூட்டற் பிழையெனத் தோன்றியது, உரிமையின்றி உட்புகுந்த ஒருவரின் காலடிச் சுவடாக முடிந்தது.

கள்வனைக் கண்டதும் கதவை அடைப்பதே வழக்கம். ஸ்டோலும் அவர் தோழரும் அவ்வாறு செய்யவில்லை. அலுவலக மேசைகளில் இருந்த அச்சுப்பொறிகளை ஒரு வார இறுதியில் இரவலாகப் பெற்று, வெளியிலிருந்து வரும் இணைப்புகளிற் பொருத்தினர். வந்தவர் இட்ட கட்டளை ஒவ்வொன்றும் தாளிற் பதிவாயிற்று. ஏறக்குறைய ஓராண்டு நீடித்த அத்தேடல் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் சென்று முடிந்தது. களவாடிய செய்திகளைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குற்றத்துக்காக மூவர் 1990ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியிற் தண்டிக்கப்பட்டனர்.

அத்தாள்கள் புகட்டிய பாடம் யாது? ஊடுருவியவர் ஏறத்தாழ 450 கணினிகளின் கதவைத் தட்டினார். 30க்கு மேற்பட்டவற்றுள் நுழைந்தும் விட்டார். அதற்குப் பெரும் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கணினியை விற்றோர் அமைத்துத் தந்த கடவுச்சொல் பல இடங்களில் மாற்றப்படாமல் இருந்தது. விருந்தினருக்கான கணக்குகள் திறந்து கிடந்தன. முன்னரே அறியப்பட்ட குறைகள் திருத்தப்படவில்லை. நிருவாகிகள் பலர் தம் வீட்டிற் கள்வர் புகுந்ததையே அறிந்திலர்.

ஈராண்டுகள் கழிந்தன. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி இரவு, கோர்ணெல் பல்கலைக்கழக மாணவரான ரொபேட் மொறிஸ் ஆக்கிய செய்நிரல் ஒன்று இணையத்திற் பரவியது. தானே தன்னைப் பெருக்கிக் கணினிக்குக் கணினி ஊர்ந்தமையால் அது புழு எனப் பெயர்பெற்றது. கோவைகளை அது அழிக்கவில்லை. ஆயினும் ஒரே கணினியில் மீண்டும் மீண்டும் குடிபுகுந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. அன்று இணையத்திற் சேர்ந்திருந்த சுமார் 60,000 கணினிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டது.

பேர்க்ளியிலும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலும் நிருவாகிகள் உறக்கமின்றி அப்புழுவைப் பகுத்து மருந்து கண்டனர். ஆனால் அம்மருந்தை ஏனையோருக்கு அனுப்புவது எப்படி? செய்தி செல்ல வேண்டிய மின்னஞ்சற் பாதையைப் புழுவே அடைத்திருந்தது. அச்சத்தினாற் பலர் தம் இணைப்பைத் துண்டித்துமிருந்தனர். அவ்விரவின் குழப்பத்தினின்று பிறந்ததே கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் அம்மாதமே அமைக்கப்பட்ட கணினி அவசரநிலை அணி. தனித்தனியே அறிந்ததை ஒன்றுதிரட்டி எல்லோருக்கும் அறிவிப்பது அதன் பணியாயிற்று. அதே பாதையில் 2006ஆம் ஆண்டு இலங்கையிலும் அத்தகைய அணியொன்று நிறுவப்பட்டது.

எச்சரிக்கையை வாசிப்பது ஒன்று. அதன்படி செய்யக் கை பழகியிருப்பது வேறொன்று. 1993ஆம் ஆண்டில் டான் பார்மர், வீற்சே வெனெமா என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிருவாகி தம் கணினியைக் கள்வனின் கண்கொண்டு நோக்கி, தாமே அதனை உடைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், குறைகளைத் தேடிக் காட்டும் கருவியொன்றையும் அவர்கள் எவரும் பெறுமாறு வெளியிட்டனர். சாத்தானின் பெயரைத் தாங்கிய அக்கருவி பெரும் வாதத்தை எழுப்பிற்று. திருடனின் கையிற் திறவுகோலைக் கொடுப்பதா என்று ஒரு சாரார் கொதித்தனர். திருடனிடம் திறவுகோல் முன்னரே உண்டு, இல்லாதிருப்பது காவலனிடமே என்று மறுசாரார் விடையிறுத்தனர். அஞ்சிய பேரழிவு நிகழவில்லை. தன் பூட்டைத் தானே சோதிப்பது நாளடைவில் நிருவாகியின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

எனினும், மக்கள் நம்பியிருக்கும் கணினியைப் பயிற்சிக் களமாக்குதல் தகாது. வைத்தியசாலையின் பதிவேட்டை வைத்துக்கொண்டு பிழைசெய்து பழக எவரும் ஒப்பார். ஆகவே வெளியுலகினின்று பிரிக்கப்பட்ட வலையமைப்புகள் பயிற்சிக்கென அமைக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரி மாணவர் தம் கையால் அமைத்த வலையமைப்பைத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் வல்லுநர் தாக்க, மாணவர் காத்து நின்றனர். எதிர்த்தாக்குதல் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. காப்பதும் சேவைகளைத் தடையின்றி நடத்துவதுமே அவர்கள் பணி. அவ்வாண்டு வெஸ்ட் பொயின்ற் கல்லூரி வெற்றி பெற்றது.

2005ஆம் ஆண்டு ரெக்சஸ் மாநிலத்திற் தொடங்கிய பல்கலைக்கழக மாணவர் போட்டியில் இப்பயிற்சி மேலும் வாழ்வோடு ஒட்டியதாயிற்று. பிறர் அமைத்த, குறைபாடுடைய வலையமைப்பு மாணவரிடம் ஒப்படைக்கப்படும். தாக்குவோர் ஒருபுறம் நெருக்க, புதிய ஊழியருக்குக் கணக்குத் திற, அறிக்கை எழுது என அலுவலகக் கட்டளைகள் மறுபுறம் வந்துகொண்டிருக்கும். உண்மையான நிருவாகியின் நாளும் இத்தகையதே அன்றோ? 2007ஆம் ஆண்டில் தன் வங்கிகளும் செய்தித்தாள்களும் அரசாங்கத் தளங்களும் இணையவழித் தாக்கப்பட்ட துயரை எஸ்தோனியா நாடு அனுபவித்தது. அந்நாட்டின் தலைநகரான தாலினில் இயங்கும் நிலையம் 2010ஆம் ஆண்டு முதல் பல நாட்டு அணிகளுக்கு இத்தகைய பயிற்சியை நடத்தி வந்துள்ளது.

இப்பயிற்சிகளில் அணிகள் தோற்பதுண்டு. கடவுச்சொல்லை மாற்ற மறந்தவர், பிரதியெடுத்த கோவை மீண்டும் திறக்குமா எனச் சோதியாதவர், பதிவேட்டைப் புரட்டாதவர் அத்தோல்வியிற் தம் குறையைக் காண்கின்றனர். அங்கே இழப்பது சில புள்ளிகள் மாத்திரமே. அதே மறதி மெய்யான நாளில் நேருமாயின், இழப்பவர் கணினியைக் கண்டறியாத நோயாளரும் வங்கியில் பணம் வைத்த ஏழையுமாவர். கள்வன் தான் வரும் நாளை அறிவித்து வருவதில்லை. அவன் வருமுன், வந்ததாகவே கொண்டு காவலைப் பழகுவதே அறிவுடைமை. அக்காவல் பெரும்பாலும் சிறு கவனங்களாலானது. 75 சதந்தானே என்று ஸ்டோல் அக்கணக்கை மூடியிருப்பின், ஊடுருவியவர் அறியப்படாமலே போயிருக்கக்கூடும்.