பையில் வைக்கும் கையேடு

மனநல மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்த நம் பிள்ளைகள், வார்டுக்கு எடுத்துப்போக எந்தக் கையேடு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வரலாற்று வாத்தியார் சொல்வது ஒன்றுதான்: முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட முதல் கையேட்டில் தன்பாலின ஈர்ப்பு ஒரு மனக்கோளாறு. 1973இல் சங்கமே அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆயிற்று. இடையில் 17 ஆண்டுகள், அதே மனிதர் ஒரு பட்டியலில் நலம், இன்னொன்றில் நோயாளி!

நமது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் அண்மைப் பதிப்பைக் குறிப்பிடுகிறது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் பழைய பதிப்பு வேண்டாம். அதில் ஒரு வரி எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கை.

அரியமங்கலத்திலிருந்து, உங்கள் ஆசிரியர்.