சாத்தோ: ஒரு குடிப்பெயரின் வரலாறு

1957 முதல் 1960 வரை ஜப்பானின் பிரதமராக விளங்கியவர் கிஷி நொபுசுக்கே. 1964 முதல் 1972 வரை அப்பதவியை வகித்தவர் சாத்தோ எய்சாக்கு. ஜப்பானிய வழக்கில் குடிப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். குடிப்பெயரால் வேறுபட்ட இவ்விருவரும் ஒருதாய் மக்கள் என்பது வியப்பளிக்கலாம். அவர்தம் தந்தையார் கிஷி குடியிற் பிறந்து சாத்தோ குடிக்குச் சுவீகாரம் சென்றவர். பின்னர் அவருடைய புதல்வர் நொபுசுக்கே கிஷி குடிக்கே சுவீகாரம் போனார். ஜப்பானியரின் குடிப்பெயர் இரத்தத்தைக் காட்டிலும் இல்லத்தையே பற்றி நிற்பது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடிப்பெயர் சாத்தோ. ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள், அதாவது இருநூறு பேரில் மூவர், இப்பெயரைத் தாங்குகின்றனர். வடகிழக்குப் பகுதியில் இப்பெயரினர் மிகுதி.

இதன் மூலத்தைக் காணப் பழைய அரசவைக்குச் செல்ல வேண்டும். கி.பி. 669ஆம் ஆண்டில், தம் அமைச்சர் நக்கதோமி கமதாரி இறக்குந் தறுவாயில், பேரரசர் தெஞ்சி அவருக்குப் 'பூஜிவாரா' என்னும் குலப்பெயரை அளித்துச் சிறப்பித்தார். பூஜி என்பது ஊதாநிறப் பூங்கொத்துகள் தொங்கும் ஒரு கொடி. அக்குலம் பல கிளைகளாகப் பெருகியபோது, கிளைகளைப் பிரித்தறியப் பதவிப்பெயரோ ஊர்ப்பெயரோ துணையாயிற்று. பூஜியைக் குறிக்கும் எழுத்துக்குச் சீன வழி வந்த 'தோ' என்னும் ஒலியும் உண்டு. இசே நாட்டோடு தொடர்புடையோர் 'இத்தோ' ஆயினர். காகா நாட்டோடு தொடர்புடையோர் 'காத்தோ' ஆயினர். அக்குலத்தைச் சேர்ந்த கின்கியோ என்பார் 'சாயேமோன்' எனப்பட்ட அரண்மனை வாயிற் காவற்படையில் அதிகாரியாக இருந்தமையால் 'சாத்தோ' பிறந்தது என்பது பெருவழக்கான கருத்து. சானோ என்ற ஊரோடு இதனை இணைப்பாரும் உளர்.

போர்க்களத்திலும் இப்பெயர் புகழ் பெற்றது. தளபதி யொஷித்சுனேயைக் காத்து நின்ற சாத்தோ த்சுகுநொபு, 1185இல் யாஷிமாப் போரில் உயிர் நீத்தார்.

ஆயின் இன்றுள்ள சாத்தோக்கள் அனைவரும் பூஜிவாரா குலக்கொழுந்துகள் எனல் பொருந்தாது. தொக்குகாவா ஆட்சியில் உழவரும் வணிகரும் குடிப்பெயரை வெளிப்படையாகச் சூடத் தடை இருந்தது. 1870இல் அரசு அவர்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. கட்டாயப் படைச்சேவைக்கு ஆள் திரட்டப் பதிவுகள் தேவைப்படவே, 1875இல் எல்லோரும் குடிப்பெயர் கொள்ள வேண்டுமென ஆணை பிறந்தது. பழம்பெயரை மீட்டவர் சிலர். ஊரில் மதிப்புற்ற பெயரைத் தழுவியவர் சிலர். இவ்வாறு அரசவைப் பெயர் ஏர்பிடித்த கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

பெண்டிர் நிலை இன்னும் கருதத்தக்கது. மணமான பெண் பிறந்தகப் பெயரையே வழங்க வேண்டுமென 1876இல் அரசு ஆணையிட்டது. 1898ஆம் ஆண்டின் குடியியற் சட்டமோ அவளைக் கணவன் இல்லப் பெயரை ஏற்கச் செய்தது. போருக்குப்பின் 1947இல் திருத்தப்பெற்ற சட்டம், இருவரும் ஒரே பெயரைக் கொள்ள வேண்டும், அது யாருடையதாகவும் இருக்கலாம் என்றது. நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இணையரளவில் கணவன் பெயரே நிலைத்தது. இவ்விதி அரசியலமைப்புக்கு முரணன்று என உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் தீர்ப்பளித்தது.

ஒவ்வொரு திருமணத்திலும் ஒருவர் தம் பெயரை இழக்கவே, அரிய பெயர்கள் அருகிப் பெரிய பெயர்கள் பெருகுகின்றன. இந்நிலை நீடிப்பின் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் யாவரும் சாத்தோ ஆகிவிடுவர் எனத் தொஹோக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஷிதா ஹிரோஷி 2024இல் கணக்கிட்டுக் காட்டினார். சட்டத்தை மாற்ற விழைவோர்க்குத் துணையாக எழுந்த கணக்கு அது. ஒரு கிளையை மற்றொரு கிளையினின்று பிரித்தறியப் பிறந்தது சாத்தோ. எல்லோரும் அப்பெயரே தாங்கின் அதனால் எவரைப் பிரித்தறிய இயலும்?