காமாலை: ஒரு சொல், ஐந்து வைரஸ், ஓர் ஈரல்

ஆவடி, சேக்காடு பக்கம் கண் மஞ்சளித்தால் அதற்கு ஒரே பெயர்தான்: காமாலை. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி, எண்ணெயைத் தொடாதே, சரியாப் போயிடும். இந்த ஒற்றைச் சொல்லை நவீன மருத்துவம் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்தாக உடைத்திருக்கிறது. அறியாமையிலிருந்து அறிவுக்கு என்று இதை வரலாறாக எழுதுவது வழக்கம். ஒரே ஈரலில் இரண்டு மூன்று வைரஸ்கள் சேர்ந்து குடியிருக்கும் உடல் இந்தக் கதையாடலுக்குள் அடங்க மறுக்கிறது.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோசலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே வருடக் கடைசியில் தலைநகர் தில்லியின் குடிநீரில் நஜஃப்கர் வடிகாலின் கழிவு கலந்து, 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. (தீர்மானத்தில் சாக்கடை பற்றி ஏதுமில்லை.) ஏ வகை என்றே அதைப் பலகாலம் நம்பினார்கள். பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை மறுபடி சோதித்து 1980இல் வெளியிட்ட முடிவு, ஏயும் இல்லை பியும் இல்லை என்றது. ஈ என்ற எழுத்து பிறகு வந்தது.

ஏயும் ஈயும் பெரும்பாலும் சாக்கடை வழி. பி, சி, டி மூன்றும் ரத்தத்தின் வழி. கொதிக்க வைக்காத ஊசி, சோதிக்காத ரத்தம். வழி ஒன்றாக இருப்பதால்தான் இவை கூட்டாக வருகின்றன, தற்செயலாக அல்ல. 1977இல் இத்தாலியில் ரிசெட்டோ கண்ட டெல்டாவுக்கு, அதாவது டிக்கு, சொந்தமாக மேலுறைகூடக் கிடையாது. பியின் உறையை வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வரும். ஆகவே பி தடுப்பூசி டியையும் தடுக்கிறது. ஏற்கெனவே பியால் நைந்துபோன ஈரலில் ஏயோ ஈயோ வந்து சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஊசியும் சாக்கடையும் ஒரே உடலில் சந்திக்கிற இடம் அது.

இனி கீழாநெல்லி. ஏயும் ஈயும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே விலகும். அந்தப் பெருமை பச்சிலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ப்ளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, இச்செடியைப் பிக்கு எதிராகவே சோதித்தது. 1988இல் லான்செட்டில் வந்த கட்டுரைப்படி, 30 நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம் பியின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும். வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் இந்த விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. இதை வைத்துப் பாட்டி வைத்தியத்தைக் கேலி பண்ணுவது சுலபம். அதற்கு முன் ஆய்வகத்தின் எழுத்துகள் என்ன செய்தன என்றும் பார்க்க வேண்டும்.

பியும் சியும் சேர்ந்திருக்கும் ஈரலில் பெரும்பாலும் சி, பியை அடக்கி வைத்திருக்கிறது. பழைய இன்டர்ஃபெரான் ஊசி இரண்டின் மீதும் ஓரளவு பாய்ந்தது. புதிய மாத்திரைகள் சியை மட்டும் குறிபார்த்து, சில வாரங்களில் அழித்துவிடுகின்றன. அடக்க ஆளில்லாத பி சிலரிடம் விழித்துக்கொண்டது. இப்படி 24 பேர், அவர்களில் இருவர் இறந்தார்கள், ஒருவருக்கு ஈரல் மாற்றவேண்டி வந்தது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 அக்டோபரில் எச்சரித்தது. எழுத்துக்கு ஒரு மருந்து என்ற தர்க்கம், ஈரலுக்குள் அந்த எழுத்துகள் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சிக்கு மாத்திரை தொடங்குமுன் பிக்கு ரத்தம் பார்ப்பது இப்போது விதி. இந்தியாவில் 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இரண்டுக்கும் இலவச சிகிச்சை உண்டு. 'முன்னாடி காமாலை வந்திருக்கா?' என்று டாக்டர் கேட்பார். 'சின்ன வயசுல வந்துச்சு, கீழாநெல்லி குடிச்சேன், போயிடுச்சு' என்பார் நோயாளி. போனது ஏயாகவும் இருக்கலாம், பியாகவும் இருக்கலாம். பி என்றால் ஆன்டிஜன் மறைந்த பிறகும் ஈரல் செல்லின் உட்கருவில் அதன் டிஎன்ஏ தங்கியிருக்கும். உள்ளே வந்துபோனதற்கான எதிர்ப்புப்பொருளையும் தனியாகச் சோதித்தால்தான் தெரியும்.