யார் வீட்டுப் பெண்?

1997ஆம் ஆண்டு, ஜூன் மாதம். சென்னையில், இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று பேரெடுத்த ஒரு கல்லூரியின் நேர்காணல் அறை. என் மதிப்பெண் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார் அந்த அம்மையார்.

"அப்பா கையெழுத்து எங்கேம்மா?"

"அம்மா போட்டிருக்காங்க மேடம்."

"அது தெரியுது. அப்பா எங்கே?"

அப்பா எங்களை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத நான்கு பேர் உட்கார்ந்திருந்த அறையில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மறுநாள் வந்து 'பாதுகாவலர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். இடம் கிடைத்தது.

1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்துக் குழந்தைகளுக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா. 'அவருக்குப் பிறகு'தான் அம்மா. அப்பா இறந்த பிறகு என்று மட்டும் அதற்குப் பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது 1999 பிப்ரவரியில், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில். நான் இரண்டு வருடம் முந்திவிட்டேன்.

சாருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்தான். ஆனால் "சார்தான் அந்தப் பொண்ணைக் காலேஜில சேத்துவிட்டார்" என்றே ஊரில் இன்றைக்கும் என் கதையைச் சொல்கிறார்கள். மார்க் எடுத்தது யார், தன் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது யார் என்பதெல்லாம் அதில் வராது. முத்துலட்சுமி ரெட்டியின் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இதே எரிச்சல் வரும். "புதுக்கோட்டை மன்னர் சேர்த்துக்கொண்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மன்னர் கைக்கு அந்த விண்ணப்பம் போகும்வரை என்ன நடந்தது?

1886இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அவரைக் கட்டிக்கொண்டதற்காக அப்பாவை அவருடைய குடும்பம் ஒதுக்கிவைத்தது. பருவமெய்தியதும், அந்தக் கால வழக்கப்படி, பெண்ணின் பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு நிற்கவில்லை, வீட்டிலேயே தொடர்ந்தது. சந்திரம்மாள் மாப்பிள்ளை பார்க்க ஆசைப்பட்டார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் மரபுப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட கல்யாணம் என்கிற பாதுகாப்பைத் தன் மகளாவது முழுசாகப் பெறட்டும் என்று ஒரு தாய் நினைத்திருப்பாள். மகளோ 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்தது ஒரே கல்லூரி, அதுவும் ஆண்களுக்கானது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. அப்போதைய முதல்வருக்கு விருப்பமில்லை. மாணவர்களின் பெற்றோரோ, இந்தப் பெண் வந்தால் தங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். வேறு வீட்டுப் பெண் விண்ணப்பித்திருந்தாலும் எதிர்ப்பு வந்திருக்கும். ஆனால் 'கெட்டுப்போவார்கள்' என்ற சொல் இத்தனை சுலபமாக வாயில் வந்திருக்குமா? தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி யாருக்கும் புகாரில்லை. அவர் யார் வயிற்றில் பிறந்தார் என்பதுதான் புகார். அப்பா அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர் என்பதுகூட, அம்மாவின் பெயருக்கு முன்னால் எடுபடவில்லை.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கைக்கு அனுமதி தந்தார். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் ஒரு மன்னரின் மனசு எவ்வளவு நிச்சயமில்லாத வாசல் என்பதற்குப் பக்கத்து சமஸ்தானமே சாட்சி. திருவனந்தபுரத்திலும் ஒரு மகாராஜா கல்லூரி இருந்தது. முத்துலட்சுமியின் வயதை ஒத்த மேரி புன்னன் அங்கே அறிவியல் படிக்க விண்ணப்பித்தார். அவருடைய அப்பா அரண்மனை மருத்துவர். அப்படியும், பெண் என்பதால் அறிவியலில் இடம் தரவில்லை, வரலாறு படி என்றார்கள். படித்தார், பட்டம் வாங்கினார், பிறகு லண்டன் போய் மருத்துவரானார். மேரி புன்னன் லூகோஸ் என்று கேரள மருத்துவ வரலாறு கொண்டாடுவது அவரைத்தான்.

புதுக்கோட்டையில் கிடைத்த இடமும் முழு இடமில்லை. மூடிய வண்டியில் போய் வர வேண்டும். வகுப்பில் பையன்களின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். அந்தத் திரையைப் பற்றி நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். பாடம் காதில் விழும். கரும்பலகை தெரிந்திருக்குமா? சந்தேகம் வந்தால் திரைக்குள்ளிருந்து எப்படிக் கேட்பது? கெட்டுப்போகக் கூடியவர்கள் பையன்கள் என்றால், திரையை அவர்களைச் சுற்றியல்லவா கட்டியிருக்க வேண்டும்!

இப்படிப் படித்துத் தேறிய பிறகுதான் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அவர்தான் முதல் பெண் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 1875லேயே நான்கு பெண்கள் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப், சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் இங்கே பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கண்டு, தானே மருத்துவம் படிக்கக் கிளம்பியவர். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் ஆதரவாக நின்றார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பெண்களை 1870இல் கும்பல் கூடிச் சேற்றை வாரி அடித்து, 1873இல் பட்டமும் கிடையாது என்று கைவிரித்திருந்த காலம் அது. அந்த வகையில் சென்னை பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1882இல் கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ், வங்க அரசின் உதவித்தொகையோடு மருத்துவம் படிக்க வந்ததும் சென்னைக்குத்தான். உடல்நலம் கெட்டதால் பாதியில் திரும்பினார். பிற்பாடு அபலா போஸ் என்ற பெயரில் வங்கத்தில் பெண்கல்விக்கு உழைத்தவர் அவர்.

ஆனால் 1875இன் நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். வாசல் திறந்தது வெள்ளை மாளிகைகளின் பெண்களுக்கு. புதுக்கோட்டைச் சந்திரம்மாளின் மகள் அதே வாசலுக்கு வந்து சேர முப்பத்திரண்டு வருடம் பிடித்திருக்கிறது. 1912இல் பதக்கங்களோடு தேறி, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. சென்னைச் சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறைக்கு எதிரான நீண்ட போராட்டம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இவற்றுக்கு நடுவே வரும் ஒரு சின்ன நிகழ்வில்.

1930ஐ ஒட்டிய நாட்கள். தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் சிலர், எங்களுக்குப் போக்கிடமில்லை, படிக்க வேண்டும் என்று அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்கு விடுதியில் இடம் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கேட்டது யார்? ஊரறிந்த டாக்டர், சட்டமன்றத்தில் பதவி வகித்தவர். இந்த முறை கையெழுத்துப் போட வந்த பெரிய மனிதர் அவரேதான். அப்படியும் அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பெண்கள் என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

அவர்களைத் திருப்பி அனுப்பாமல் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார் முத்துலட்சுமி. அடையாறு அவ்வை இல்லம் தொடங்கியது அப்படித்தான்.