தற்காப்பைத் தொடாமல் எண்ணத்தை மாற்ற முடியுமா? உளச்சிகிச்சை நுட்பங்களின் வளர்ச்சி, 1894–2013

உளச்சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இரு கட்சிச் சண்டையாகவே எழுதப்படுகிறது. ஒருபுறம் பிராய்டின் உளப்பகுப்பாய்வு. மறுபுறம் அதை வீழ்த்திய ஆரன் பெக்கின் அறிதல்சார் சிகிச்சை. மூல நூல்களை வரிசையாகப் படித்தால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. பெக் ஒதுக்கிவைத்த தற்காப்பு, அவருடைய பள்ளியில் பயின்றவர் வழியாகவே திரும்பி வந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தாங்க முடியாத எண்ணத்தை மனம் விலக்கிவைக்கிறது; அதனோடு ஒட்டியிருந்த உணர்ச்சி உடல் நோவாகவோ விடாத நினைப்பாகவோ வேறிடத்தில் தலைகாட்டுகிறது. தற்காப்பு என்று 1894-ல் பிராய்டு முன்வைத்த விளக்கம் இது. ஆனால் சிகிச்சை அறையில் தற்காப்பை அவர் கடக்க வேண்டிய தடையாகவே கண்டார். நோயாளியின் நெற்றியில் கைவைத்து அழுத்தி நினைவுகளை வரவழைக்கவும் அந்நாளில் முயன்றார்.

தடையையே ஆய்வுப்பொருளாக்கியவர் அவருடைய மகள் அன்னா. குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த அவருடைய தொழில் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். மனதில் தோன்றுவதையெல்லாம் சொல் என்றால் குழந்தைகள் சொல்லமாட்டார்கள்; அவர்களுடைய நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். தற்காப்பு முறைகள் பற்றி 1936-ல் அவர் வெளியிட்ட நூலில், வியன்னாவின் ஆகஸ்ட் ஐக்கார்னிடம் வந்த ஒரு பள்ளிச் சிறுவன் இடம்பெறுகிறான். ஆசிரியர் திட்டும்போதெல்லாம் அவன் முகத்தைக் கோணுவான், வகுப்பே சிரிக்கும். இருவரையும் சேர்த்துப் பார்த்த ஐக்கார்னுக்கு விஷயம் விளங்கியது: அது ஆசிரியரின் சினந்த முகமேதான். அச்சுறுத்துபவராகவே மாறி அச்சத்தைச் சமாளித்தான் சிறுவன். இங்கே தற்காப்பு வெறும் தடையல்ல, ஒரு வேலையைச் செய்வது. அந்த வேலை புரியாமல் அதைப் பிடுங்கக் கூடாது என்ற நிதானம் நுட்பத்துக்குள் வந்தது இப்படித்தான்.

பெக்கும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்தான். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய சினம் என்ற கோட்பாட்டை நிறுவவே, 1950-களின் இறுதியில் பிலடெல்பியாவில் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். சினத்தை எதிர்பார்த்த இடத்தில் தோல்வியும் இழப்பும் நிறைந்திருந்தன. அவர்கள் தோல்வியை நாடுகிறார்களோ என்று சோதித்தபோது, வெற்றி கிடைத்ததும் மனநிலை தேறியது. அப்படியானால் ஒளிந்திருக்கும் நோக்கத்தைத் தேடுவானேன்? நோயாளி தன்னைப் பற்றி நினைப்பதையே நோய்க்குச் சான்றாகக் கொள்ளலாமே. 1963, 1964 கட்டுரைகளில் இந்தத் திருப்பம் தெளிவாகத் தெரிகிறது. மனதில் சட்டென எழும் எண்ணங்களை நோயாளியே எழுதிவைப்பார். அவற்றுக்கு ஆதரவான, எதிரான சான்றுகளைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து எடைபோடுவார். மனச்சோர்வுற்ற 41 பேரிடம் நடந்து 1977-ல் வெளியான ஒப்பீட்டில் இம்முறை இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையைவிட நல்ல பலன் தந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருந்தோடு மோதிப் பார்க்கும் துணிவு அன்றைய பேச்சுச் சிகிச்சைக்குப் புதிது.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. நாள்பட்ட ஆளுமைச் சிக்கல் உள்ளவர்களிடம் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்ற பதிலே வரும். எண்ணம் சொல்லுக்கு வருமுன்பே மனம் கதவைச் சாத்திவிடும். பெக்கிடம் பயின்ற ஜெஃப்ரி யங் 1990 வாக்கில் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பணிதல், தவிர்த்தல், மிகையாக ஈடுசெய்தல் என்ற மூன்று சமாளிப்பு வழிகளை அவர் வகுத்தார். உணர்ச்சியை மரக்கச் செய்யும் 'விலகிய காவலன்' என்ற மனநிலையையும் விவரித்தார். அந்தக் காவலனை வெற்று நாற்காலியில் அமர்த்திப் பேசவைக்கும் உத்தி கெஸ்டால்ட் சிகிச்சையிலிருந்து வந்தது. ஆனால் காவலனின் வேலையை முதலில் மதித்து, பிறகு விலகக் கேட்கும் அணுகுமுறை அன்னாவுக்கு மிக நெருக்கமானது. பள்ளிகளின் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டுப் படித்தால் பல பக்கங்களில் யார் எழுதியது என்று பிரித்தறிவது எளிதன்று.

நோய்ப் பெயரிடலில் மட்டும் தற்காப்புக்கு இடம் நிலைக்கவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994-ல் தன் கையேட்டின் பின்னிணைப்பில் சேர்த்த தற்காப்பு அளவுகோல், 2013-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் இல்லை.