முடியிழந்த மன்னனும் நாற்பது சில்லிங்கும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத் துன்பியல் நாடகங்கள் பல, அரசர்தம் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்டவை. அவற்றுள் ஒன்று மெய்யான அரசியல் பூசலுக்குள்ளேயே இழுக்கப்பட்டது.

1601ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், இலண்டனின் குளோப் அரங்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் அரியணை இழந்து கொலையுண்ட கதை நடிக்கப்பெற்றது. அது ஷேக்ஸ்பியரின் நாடகமே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு. அதனை நடிக்கச் செய்தோர் எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள். பழைய நாடகத்திற்குக் கூட்டம் சேராது எனத் தயங்கிய நடிகர்களை, வழக்கத்தினும் 40 சில்லிங் மிகுதியாகத் தருவதாகக் கூறி இசைவித்தனர். மறுநாள் எசெக்ஸ் சில நூறு ஆட்களுடன் நகரினுள் புகுந்தார். நகர மக்கள் தம்முடன் எழுவர் என நம்பினார், எவரும் எழவில்லை. அன்றிரவே சரணடைந்தார்.

அரசி எலிசபெத்துக்கு அப்போது 67 வயது. மகவும் இல்லை, அறிவிக்கப்பட்ட வாரிசும் இல்லை. முடிபறிப்பைப் பேசும் எழுத்து எதுவாயினும் அரசவை ஐயுற்ற காலம் அது. ரிச்சர்டை வீழ்த்திய நான்காம் என்றியின் வரலாற்றை 1599இல் நூலாக வெளியிட்ட ஜான் ஹேவர்டு மறு ஆண்டே சிறைப்பட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகம் 1597இல் அச்சேறியபோது, மன்னன் அவையோர்முன் முடி துறக்கும் காட்சி அதில் இல்லை. அரசி மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1608ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அது இடம்பெற்றது. தணிக்கையால் நீக்கப்பட்டதா, பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

எனினும், கலகக்காரர் அந்நாடகத்தைச் சரியாகப் படித்தாரல்லர். சிற்றப்பனின் உடைமைகளைக் கவரும் ரிச்சர்டை முதலில் வெறுக்கும் அவையோர், முடியிழந்து கண்ணாடியில் தன் முகம் கண்டு அதனை உடைத்தெறியும் ரிச்சர்டுக்காக இரங்குகின்றனர். அரியணை ஏறிய பாலிங்புரோக்கோ, கொலைப் பழியைக் கழுவப் புனித நாட்டுப் பயணம் நேர்கின்றான். அதிகாரம் கைமாறியது, குற்றமும் உடன் கைமாறியது. எக்கட்சிக்கும் ஏவல் செய்யாத இந்நடுநிலையே துன்பியலின் வலிமை.

விசாரணைக்கு உள்ளான நடிகர்கள் தண்டனையின்றி மீண்டு, பிப்ரவரி 24இல் அரசியின்முன் மீண்டும் நடித்தனர். மறுநாள் காலை எசெக்ஸின் தலை வெட்டுண்டது. நாடகத்துக்கு ஏற்பாடு செய்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட கெல்லி மெய்ரிக், மார்ச்சுத் திங்களில் தூக்கிலிடப்பட்டார். நாற்பது சில்லிங் ஒரு பிற்பகல் நடிப்பை வாங்கிற்று. கவிஞனின் பொருளை அதனால் வாங்க இயலவில்லை.